பன்னிரண்டாவது அளவு

தொலைதூர விண்மீன் ஒன்றின் காமாக் கதிர் வெடிப்பில் எஞ்சிய பின்னொளி மங்கிக்கொண்டே வந்ததைப் பதினொரு நாள், நாளுக்கு ஒரு முறை, தொலைநோக்கியில் அளந்தவள் அவள். கட்டுரையோ மூத்த ஆய்வாளர் பெயரில் மட்டும் வெளியானது. அவரை அவள் அண்ணன் என்றே அழைப்பாள்.

“என் பேர் எங்கண்ணே?”

“அடுத்ததுல போட்டுடலாம். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற!”

கட்டுரையின் அட்டவணையில் பன்னிரண்டு அளவுகள் இருந்தன. கடைசி அளவில் நாளைய தேதி.

“இது யாரு எடுத்தது?”

“நீதானம்மா நேத்து குடுத்த.”

தொலைநோக்கி அறைச் சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் முழுக்க வெளியே வரவில்லை.

அதற்கடுத்த நாள், தன் பொருள்களை எடுக்க வந்தவள் தான் அளவுகளைக் குறித்துவந்த பதிவேட்டைப் புரட்டினாள். பன்னிரண்டாவது வரியில், முந்தைய நாள் தேதியிட்டு, அதே அளவு இருந்தது. அருகே, அவளுடைய கையெழுத்தில், ‘அண்ணன் பெயரிலேயே போகட்டும்’ என்று எழுதியிருந்தது.