நாற்பத்தோராவது சண்டை

மகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கேட்ட உசிலம்பட்டி ஜெயக்கொடிக்கு, சேமிப்பைக் கணக்குப் பார்க்க வீட்டுச் சுவரில் அரசாங்கம் மாட்டிவைத்த பேசும் கல்விப் பெட்டி கையை விரித்துவிட்டது. வங்கியில் பணமில்லை, கழுத்தில் நகையில்லை. ஆனால் ஊர் விசேஷங்களில் அவள் செய்த மொய் என்றைக்காவது திரும்பி வருமே, அதுவும் சேமிப்புத்தானாம்; சேமிப்பு இருந்தால் உதவித்தொகை கிடையாதாம். உறவு முறிந்தால் மட்டுமே அந்த மொய் கணக்கிலிருந்து கழியுமாம்.

அவ்வளவுதானே! முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே வாரத்தில் நாற்பது வீட்டோடு சண்டை போட்டாள். சேமிப்பு மளமளவென்று இறங்கியது. தம்பி ஒச்சப்பன் வீடு மட்டும்தான் பாக்கி. பெட்டிக்குக் கேட்கும்படி அதன் அடியிலேயே நின்று போன் போட்டாள்.

"இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்டா!"

தம்பி அவள் காதுக்குள் கிசுகிசுத்தான். "இன்னும் சத்தமா வையிக்கா. நாளைக்கு நான் உன்னைய வையணும், எம் மகளுக்கும் காலேசு. மறக்காம போனை எடு."

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

"உறவு பலமாக உள்ளது" என்று சொல்லி, தம்பி வீட்டு மொய்யை இரண்டு மடங்காக ஏற்றிவிட்டது பெட்டி.

போனை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஊரில் அவளோடு பேச இனி அவன் ஒருவன்தான் மிச்சம்.