சூடு ஆறட்டும்

"இந்தாங்கம்மா, நீங்களே கேட்டுக்கங்க."

அருண்குமார் ஒரு கையால் கைபேசியைக் கார் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, மறு கையால் சாவியைத் திருப்பினான். இன்ஜின் கிர்ர் கிர்ர் என்று சுற்றியது. பிடிக்கவில்லை.

"கேட்டுச்சு," என்றாள் மறுமுனையில் அவன் அம்மா பிரகதாம்பாள். "நிக்கிறதுக்கு அந்த வீட்டு வாசல்தான் கெடச்சுச்சா அதுக்கு? மீன் என்னாகுறது?"

"சூட்டோட ஆஃப் பண்ணுனா திரும்பப் பிடிக்க மாட்டேங்குதும்மா. மீனுக்கு ஐஸ் நெறயப் போட்டிருக்கேன்."

"சரி, ஆறுனதும் கெளம்பி வா. அதுவரைக்கும் வண்டிய விட்டு நகராத. அங்க கை நனைக்காத."

"நனைக்க மாட்டேன்."

மாமனார் நாகராசு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வல்லத்திராக்கோட்டையில் ரோட்டோரம் அவருடைய ஒர்க்‌ஷாப். அதற்குப் பின்னால்தான் வீடு.

உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்தில் சம்பந்தியம்மாளை முதல் பந்தியில் உட்கார வைக்க மறந்துபோனார். அவ்வளவுதான் குற்றம். பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பிந்தியதற்கு ஒரு படையே கிளம்பிவிட்டது. இனி நம் வீட்டு ஆள் யாரும் அங்கே கை நனைக்கக் கூடாது, ஞாயிறுதோறும் மீமிசலில் மீன் வாங்கித் திரும்பும்போது மருமகள் வேண்டுமானால் வாசலில் நின்று பெற்றவர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பிரகதாம்பாள் உத்தரவு போட்டுவிட்டாள்.

அந்த உத்தரவைக் கார்தான் உடைத்தது. வயிற்றுப்பிள்ளைக்காரியை வெயிலில் நிற்க வைக்க முடியுமா? வண்டி ஆறும்வரை காவ்யா உள்ளே போய் உட்காருவாள். உட்கார்ந்தவள் முன்னால் அவள் அம்மா கண்ணாத்தாள் இலையைப் போடாமல் இருப்பாளா? மாப்பிள்ளை மட்டும் சொன்ன சொல் தவறாமல் காரோடு காராக வெயிலில் நிற்பான். தண்ணீர்கூடத் தன் பாட்டிலிலிருந்துதான் குடிப்பான். சரியான முசுடு என்றுதான் நாகராசு நினைத்திருந்தார்.

"போதும்மா, வயித்துல எடமில்ல," என்று உள்ளே மகள் சிரிப்பது கேட்டது. இந்தச் சிரிப்புக்காகத்தான் வாரம் முழுக்க ஸ்பேனர் பிடிக்கிறோம் போல என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. முதல் ஞாயிறே அவருக்குக் காரின் நோய் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை போன் பேசத் தள்ளிப் போன நேரத்தில், இன்ஜினுக்கு அடியிலிருக்கும் கிராங்க் சென்சார்மேல் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீரை ஊற்றிச் சாவியைத் திருப்பினார். உடனே பிடித்துக்கொண்டது. சூடேறினால் செத்து, ஆறினால் பிழைக்கிற சென்சார், மாற்றினால் தீர்ந்தது. அவரோ சட்டென்று இன்ஜினை அணைத்துவிட்டு, "ஒண்ணும் பிடிபடல மாப்ளே, அடுத்த வாரம் பாப்போம்," என்றார். அந்த அடுத்த வாரம் இன்றுவரை வரவில்லை. ஊர் வண்டியெல்லாம் பார்க்கிற மனுசன் மகள் வண்டியில் பொய் சொல்லலாமா என்றால், பெண்ணைப் பெற்றவனைக் கேட்டுப் பாருங்கள், சொல்வான்.

இப்போது காவ்யாவுக்கு ஏழாம் மாதம். அவசரத்துக்குக் கிளம்பும்போது, ஆளில்லாத ரோட்டில் இந்த வண்டி நின்றுவிட்டால்? மகள் வீட்டுக்குள் வந்து உட்காராவிட்டாலும் பரவாயில்லை, அவள் நடுவழியில் தவிக்கக் கூடாது. நேற்றே புது சென்சார் வாங்கிவிட்டார்.

"மாப்ளே, கோளாறு தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு மாத்திப்புடுறேன். இனிமே நிக்காது."

அருண்குமாரின் முகம் மாறியது. "இன்னைக்கேவா? ஞாயித்துக்கெழம எதுக்கு மாமா செரமம்?"

"செரமம் என்ன செரமம், சின்ன வேலதான்."

"சூடா இருக்கும், கையச் சுட்டுக்குவீங்க. காவ்யா சாப்புட்டு முடிக்கட்டுமே."

நாகராசு கேட்கவில்லை. சாக்கை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்து டார்ச் அடித்தார். எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே சென்சார் புத்தம் புதிதாக இருந்தது.

மெதுவாக வெளியே வந்தார். அவர் வாங்கிய சென்சார் கையில் அப்படியே இருந்தது.

"மாப்ளே, இங்கிட்டு..."

"அத மாத்தி ரொம்ப நாளாச்சு மாமா. டவுன்லயே மாத்திட்டேன்." அருண்குமார் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அன்னைக்கு நீங்க தண்ணி ஊத்துனதும் ஸ்டார்ட் ஆச்சே, எனக்கும் கேட்டுச்சு."

"அப்ப இன்னமும் எதுக்கு நிக்குது?"

அருண்குமார் சட்டைப் பைக்குள் கைவிட்டு எடுத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினான். காரிலிருந்து கழற்றிய பெட்ரோல் பம்ப் ஃபியூஸ் இருந்தது.

"அம்மாகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது மாமா. ஸ்டார்ட் ஆகலன்னு சொன்னா, ஆகாமத்தான் இருக்கணும்."

இவனைப் போய் முசுடு என்று நினைத்தோமே என்று நாகராசுக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள் கைபேசி அடித்தது. பிரகதாம்பாள்தான்.

"எடுத்து இன்ஜின்கிட்டப் பிடிங்க மாப்ளே," என்று சொல்லிவிட்டு, நாகராசு காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.