வாய் திறக்காதவள்

ஞானேஸ்வரி வாயைத் திறக்கவில்லை.

டொக்டர் சுகந்தினி, பஞ்சு சுற்றிய குச்சியை அவளுடைய உதட்டுக்கு முன்னால் பிடித்தபடி நின்றார்.

"ஊசி இல்லையம்மா. கன்னத்துக்கு உள்பக்கம் ஒருக்காத் துடைக்கிறதுதான். நோகாது."

ஞானேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெடுங்கேணி வாசிகசாலையில் இருந்த மற்ற முதியவர்கள் எல்லோரும் பஞ்சு கொடுத்து முடித்து, தேநீர் குடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

அவளுடைய தம்பி ஆண்டியப்பன்தான் முதலாவதாகக் கொடுத்தவன். வாயை அகலத் திறந்து, சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

பதினொரு வாரமாகப் புதன்கிழமைதோறும் இங்கே ஞாபகப் பயிற்சி நடந்தது. போர் ஓய்ந்து பாதை திறந்த பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த டொக்டர், ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்காக நடத்தியது. பதினைந்து சொற்களை வாசிப்பார்கள். அரை மணித்தியாலம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஆண்டியப்பன் சொற்கள் எழுதிய கொப்பியை வீட்டில் திறந்ததே இல்லை. ஒருநாள் வகுப்பிலேயே குறட்டை விட்டான். ஏழு சொல்லில் தொடங்கி, இன்று பதின்மூன்று சொன்னான்.

ஞானேஸ்வரி மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் சொன்னாள். ஒரு கன்றுக்கு ஒரு சொல். குடை, ஆணி, கிணறு, சீப்பு. நித்திரை வரும்வரை சொன்னாள். ஐந்தில் தொடங்கியவள், இன்று ஆறு.

ஆறாவது சொல்லுக்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. கண்ணை இறுக்கி மூடியும் வரவில்லை. கொப்பியை இரண்டாகக் கிழித்துக் காலடியில் போட்டாள்.

அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டுதான் டொக்டர் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து விளக்கம் சொன்னார்.

"இதில உங்கட பிழை ஒண்டும் இல்லையம்மா. ஒரே பயிற்சி சிலருக்குக் கெதியா ஏறும், சிலருக்கு ஏறாது. தாய் தகப்பனிட்ட இருந்து பிறக்கேக்கயே வாற வித்தியாசமும் ஒரு காரணமோ எண்டு பாக்கப்போறம். நீங்கள் ரெண்டு பேரும் ஒரு வயித்துப் பிள்ளையள். உங்கள் ரெண்டு பேரின்ர பஞ்சையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தா எங்களுக்குப் பெரிய உதவி."

அதுவரை தானும் கொடுப்பதற்கு வரிசையில் இருந்தவள், அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் உதட்டை இறுக்கினாள்.

பஞ்சு கொடுத்தவர்களுக்கு மட்டும் அடுத்த ஆறு மாதம் தனிப் பயிற்சி உண்டு. ஒரு பிள்ளை வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பாள். அது தனக்கு எவ்வளவு தேவை என்பது ஞானேஸ்வரிக்குத் தெரியும். போன மாதம் உலையில் இரண்டு தரம் அரிசி போட்டாள். சந்தையில் நின்று, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பினாள்.

ஆண்டியப்பனால் பொறுக்க முடியவில்லை.

"பதினோரு வாரமா வெயில்ல சைக்கிள் மிதிச்சு ஒன்னயக் கொண்டாந்தேன். வாயத் தொறக்கிறதுக்கு என்னக்கா?"

"முடியாதுன்னா முடியாதுடா."

அவன் தேநீர்க் கோப்பையை மேசையில் இடித்து வைத்துவிட்டு வெளியே போனான்.

டொக்டர் குச்சியை இறக்கினார். விருப்பமில்லாதவரை வற்புறுத்த முடியாது. பெருமூச்சோடு அதைக் குப்பைக்கூடையில் போட்டார். பட்டியலில் ஞானேஸ்வரியின் பெயரை வெட்டினார்.

திரும்பும் வழியில் ஆண்டியப்பன் வேகமாக மிதித்தான். குளக்கட்டு ஏற்றத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். அவள் பின்னால் நடந்தாள்.

"கடசியில அம்மா இருந்த மாதிரி நீயும் ஆயிருவியோன்னு பயமா இருக்கு" என்றான். கோபம் எல்லாம் போயிருந்தது.

அவள் சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளினாள்.

மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, சுவரொட்டிய பக்கத்துக் காம்பறாப் பெண் பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் இறந்துபோனாள். அந்தப் பெண்ணின் புருஷன் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டான். அம்மா அந்தச் சிசுவைத் தூக்கிக்கொண்டு வந்து ஞானேஸ்வரியின் மடியில் வைத்தாள். இவன் உன் தம்பி, வேறு எதுவும் உனக்குத் தெரியாது என்றாள். அடுத்த மாதமே குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறியது. எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தது. விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்து, கடைசியில் அம்மாவும் அவளும்தான் மிஞ்சினார்கள்.

அம்மா, ஞாபகம் தவறிய கடைசி வருடத்தில், வாயில் வந்ததையெல்லாம் வந்தவர்களிடம் சொல்லத் தொடங்கினாள். ஞானேஸ்வரி இரவு பகலாக அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா "பக்கத்துக் காம்பறாப் புள்ள" என்று தொடங்கும்போதெல்லாம் எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். தாயை இப்படிப் பார்த்த மகள் உண்டா என்று ஊரே புகழ்ந்தது.

ஞானேஸ்வரிக்குப் பிள்ளைகள் இல்லை. புருஷனும் போய்விட்டான்.

அவளுக்கு அப்படி ஒரு காலம் வந்தால், அவள் வாயில் வருவதையெல்லாம் கேட்டுக்கொண்டு தலைமாட்டில் உட்காரப் போகிறவன் ஆண்டியப்பன்தான்.