கையை முறுக்கிய கதாநாயகன்

கொரியத் தொடரின் நாயகன், பொறாமை தலைக்கேறி நாயகியின் கையை முறுக்கிச் சுவரில் தள்ளினான். ரசிகைகளின் முகநூல் குழு இரண்டாகப் பிளந்தது.

"அதுவும் காதல்தானே!" என்றார்கள் பாதிப்பேர்.

எல்லோரும் புனைபெயரில் உலவும் அந்தக் குழுவில் 'ரோஜா அக்கா' வைத்ததுதான் சட்டம். அக்கா சீறினார். "கையை முறுக்குறவன் காதலனா? மிருகம்! போலீஸ்ல பிடிச்சுக் குடுங்கடி!"

இதயங்கள் குவிந்தன.

'மழைத்துளி' என்றொருத்தி தனியே எழுதினாள். "அக்கா, காலையில என் புருஷன் என் கையை உடைச்சுட்டாரு. உங்க பேச்சுதான் தைரியம் குடுத்துச்சு. போலீசோட வீட்டுக்குப் போயிட்டிருக்கேன்."

"விடாதே தங்கச்சி! கம்பி எண்ணட்டும்!" என்று அக்கா தட்டிவிட்ட கையோடு அழைப்புமணி அலறியது.

மீசையைத் தடவியபடி அக்கா கதவைத் திறந்தார்.

இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே, கட்டுப்போட்ட கையோடு அவர் மனைவி நின்றிருந்தாள்.