ஒரு வளையமும் இரண்டு பெருமூச்சும்

இயக்குநர் கோபமாக இருப்பதாகத் தோன்றியது. கோபம் வந்தால் அவர் பேசமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்பார். பரிசோதனைக் கூடத்துக்குள் இன்று அப்படித்தான் நுழைந்தார்.

சீலக்கா அவசரமாக எழுந்து நின்றாள். சூரியனைப் போலவே அணுக்களை இணைத்து மின்சாரம் எடுக்கப் பார்க்கும் ராட்சத எந்திரத்துக்கு, ஆள் நுழைகிற அகலத்தில் ஒரு வெற்றிட வால்வு. அதன் விளிம்பை அடைக்கும் சீல் வளையத்தை வடிவமைத்தது அவள்தான்; பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். மூன்று வருட உழைப்பு. இன்று கசிந்தால் வளையம் குப்பைக்கு, அவள் வேறு பிரிவுக்கு.

வால்வுக்குள் ஹீலியம் வாயுவை அடைத்தார்கள். இம்மியளவு வெளியே வந்தாலும் கத்திவிடும் மோப்பக் கருவியை விளிம்பைச் சுற்றி நகர்த்தினார் டெக்னீஷியன். சத்தமே இல்லை.

இயக்குநர் கிட்டே வந்து குனிந்து பார்த்து, மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டார்.

"பீ...ப்!"

"போச்சுக்கா, கசியுது!" என்றார் டெக்னீஷியன்.

இயக்குநர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், வெற்றி விழாவுக்கென்று கட்டியிருந்த பலூன்களில்கூட இரண்டு மூன்று சுருங்கித் தொங்கின.

போல்ட்டுகளை மறுபடி முறுக்கிவிட்டு ஒரு சுற்று வந்தார்கள். கருவி கப்சிப்.

"பாத்தீங்களா! என் புள்ள கசியாது!" சீலக்கா வளையத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

இயக்குநர் திரும்பி வந்தார். கை பின்னால், வாய்க்குப் பூட்டு. குனிந்தார். பெருமூச்சு.

"பீ...ப்!"

"என்னக்கா இது, சாரைப் பாத்தா மட்டும் பயந்து கசியுது?"

சீலக்கா உடைந்துவிட்டாள். "சார், திட்டணும்னா திட்டுங்க. வேலையை விட்டுத் தூக்கணும்னா தூக்குங்க. இப்படி வாயே திறக்காம நின்னா நான் என்னதான் சார் பண்ணுவேன்?" என்று அழுதேவிட்டாள்.

இயக்குநர் பதறிப்போனார். பின்னால் இருந்த கை முன்னால் வந்தது. அதில் பாதி சுருங்கிய ஹீலியம் பலூன் ஒன்று.

வாயைத் திறந்தார். முப்பது வருடமாகக் கூடத்தையே நடுங்கவைத்த அந்தக் கனத்த குரல், வாத்துக் குஞ்சு மாதிரி கீச்சிட்டது:

"அழாதம்மா... விழாவுல சிரிக்கவைக்கலாம்னு பலூன் காத்தை இழுத்துப் பாத்தேன். கசியறது உன் சீல் இல்ல, நான்தான்!"