கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பெஞ்ச்

"மூணு மாசத்துக்கு மேலயும் ஆகுமாம்மா?"

பெரியவர் இதை இரண்டாவது தடவையாகக் கேட்டதும் பெஞ்சக்காவுக்குச் சங்கடமாகிவிட்டது. பூங்கா, பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி வாசல் என்று ஊருக்கெல்லாம் இரும்பு பெஞ்ச் செய்து தரும் கம்பெனியில் ஆர்டர் வாங்குவது அவள் வேலை. பெஞ்சக்கா என்றே கூப்பிட்டு, அவளுடைய சொந்தப் பேரை அங்கே எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். தாமதத்துக்குச் சாக்குச் சொல்வது அவளுக்குக் கைவந்த கலைதான். ஆனால் இவரிடம் வாய் வரவில்லை.

"பச்சை, பழுப்பு, கறுப்புன்னா குடோன்லயே இருக்கு சார். அடுத்த வாரமே அனுப்பிடுவேன். நீங்க கேக்குற கலருக்குப் பெயிண்ட் பவுடரையே புதுசா கலக்கணும். அது வெளிய இன்னொரு கம்பெனி. மாதிரித் தகடு வரும், நீங்க ஓகே சொல்லணும். அப்புறம்தான் எங்க பெயிண்ட் ஷெட்ல வரிசைப்படி பூசி, அடுப்புல சுட்டு எடுப்போம்."

அவர் மேசைமேல் ஒரு பட்டனை வைத்தார். கத்தரிப்பூ நிறம். இறந்துபோன மகளின் ஸ்வெட்டரில் இருந்தது. ஆற்றங்கரைப் பூங்காவில் மகள் பேரில் ஒரு பெஞ்ச் போட வேண்டும், அதுவும் இந்த நிறத்திலேயே வேண்டும் என்பது அவர் மனைவியின் ஆசை.

"பெஞ்சைப் பழுப்புல போட்டு, பேர்ப் பலகையை மட்டும் இந்தக் கலர்ல வச்சா சீக்கிரம் முடிஞ்சிடும் சார்."

"வேண்டாம்மா," என்றார் அவசரமாக. "எவ்வளவு நாளானாலும் பரவாயில்ல. இந்தக் கலர்தான்."

முதல் மாதிரித் தகடு வந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பட்டனோடு வைத்துப் பார்த்துவிட்டு, வெளிறியிருக்கிறது என்றார். அடுத்து வந்ததைக் கறுத்திருக்கிறது என்றார். பெஞ்சக்கா கண்ணுக்கு இரண்டுமே பட்டனை உரித்து வைத்த மாதிரிதான் இருந்தன.

"பொண்ணைப் பறிகொடுத்தவரு. அவருக்கு எந்தக் கலர் ஒத்து வரும்?" என்று பெயிண்ட் ஷெட் மேஸ்திரியிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

மூன்றாவது தகட்டை அவர் வீட்டுக்கே அனுப்பி வைத்தாள். அதைப் பற்றிக் கேட்கப் போன் செய்தபோது எடுத்தது அவர் மனைவி. குரல் நூலாக மெலிந்திருந்தது.

"அப்படியே எம் பொண்ணு ஸ்வெட்டர்தாம்மா. அவரு என்ன சொன்னாலும் சரி, நான் ஓகே சொல்றேன். பெஞ்ச் எப்ப வரும்?"

"சீக்கிரம் வந்துடும்மா."

"டாக்டர் சொன்ன கெடுவெல்லாம் தாண்டிட்டேன். அதுல ஒரு தடவை உட்கார்ந்துடணும். அதுக்காகத்தான் உசுரைக் கையில பிடிச்சு வச்சிருக்கேன்."

போனை வைத்த பெஞ்சக்கா நேரே பவுடர் கம்பெனிக்குப் போய், டப்பாவைக் கையில் வாங்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். டப்பாவோடு திரும்பி வந்து மேஸ்திரியைப் பிடித்தாள்.

"ஸ்டேடியத்துக்குச் சிவப்பு ஓடிக்கிட்டிருக்குக்கா," என்றான் அவன். "ஒத்தை பெஞ்சுக்காக மொத்த மிஷினையும் கழுவச் சொல்றீங்களா? மேனேஜர் என்னைத் தொலைச்சிடுவாரு."

"ஞாயித்துக்கிழமை வா தம்பி. நானும் கூட நின்னு கழுவுறேன். திட்டு வந்தா எனக்கு வரட்டும்."

திட்டு வந்தது. மூக்கைச் சிந்தினால் இரண்டு நாளைக்குக் கத்தரிப்பூவாகவே வந்தது. ஆனால் ஒரு மாதம் முன்னாடியே பெஞ்ச் தயாராகிவிட்டது. காரணம் சொல்லாமல் பெரியவரை வரச் சொன்னாள். இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒரு நல்ல சேதியை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

லாரி நிற்கும் முற்றத்தில், காலை வெயிலில், மேஸ்திரி பெஞ்சின் மேலிருந்த துணியை உருவினான்.

பெரியவர் அப்படியே நின்றார். பிறகு மெல்லக் கிட்டே போய்ச் சாய்மானத்தைத் தடவினார். குனிந்து கால்களைப் பார்த்தார், அடியில் வெல்டிங்கைப் பார்த்தார், மறுபக்கம் போய் அங்கேயும் குனிந்து பார்த்தார். தேடியது கிடைக்காதவர்போல் நிமிர்ந்தார்.

"இதை அழிச்சிட்டு மறுபடி அடிக்க முடியுமாம்மா?"

பெஞ்சக்காவுக்குச் சுருக்கென்றது. மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்ன குறை சார்? அம்மாவே ஓகே சொன்ன கலர் இது."

"ஒரு குறையும் இல்லம்மா. அவ்வளவு நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன? இன்னைக்கே லாரியில ஏத்திடறேன். நாளைக்குக் காலையில அம்மா இதுல உட்கார்ந்துடலாம்."

பெரியவர் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இது வரணுமேன்னுதான் கஞ்சி குடிக்கிறா, மாத்திரை போடுறா," என்றார். "உட்கார்ந்துட்டாப் போயிடுவாம்மா."