தொடர்பு எல்லைக்கு வெளியே

பக்கத்து விண்மீன் மண்டலத்தில் வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம் இன்னும் விரிந்துகொண்டே போகிறது. அது அனுப்பும் மெல்லிய ரேடியோ அலையை, செல்போன் டவர் எட்டாத ஒரு மலையில் பெரிய டிஷ் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் சுகிர்தா. தினமும் மதியம் ஒரு மணிக்கு வேறேதோ ஓர் இரைச்சல் வந்து அதை மூடிவிடும். பதினெட்டாம் நாள் வெளியே வந்து தேடினாள். மலையிலேயே தங்கியிருக்கும் காவலாளி பூவராகன் டிஷ்ஷின் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சோற்றுப்பையில் ஒரு போன் உயிரோடு இருந்தது. டவர் கிடைக்காத போன் சும்மா இருக்காது, கண்ணுகளா. டவரைத் தேடித் தேடிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்; அதுதான் அந்த இரைச்சல்.

“போன் கொண்டுவரக் கூடாதுன்னு போர்டே வச்சிருக்கு. ஆஃப் பண்ணியாவது வைக்கலாம்ல அண்ணே?”

“ஆஃப் பண்ணா, ‘சுவிட்ச் ஆஃப்’னு சொல்லிடுவாம்மா போன்ல பேசுற அந்தப் பொம்பள. அப்பனுக்கு இன்னும் கோவம் தீரலன்னு எம் மவ நெனச்சுக்கும். இப்படி வச்சா ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ம்பா. அதுல ஒண்ணும் தப்பில்லையே.”

மகள் தனக்குப் பிடித்தவனோடு போய் மூன்று வருடம். இனிமேல் கூப்பிடாதே என்று அன்றைக்குச் சொன்னவரும் அவர்தான்.

சுகிர்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். “கீழ டீக்கடைகிட்ட டவர் நல்லா எடுக்குது. மத்தியானச் சோத்த அங்க போய்ச் சாப்பிடுங்களேன். கேட்டை நான் பாத்துக்கறேன்.”

பூவராகன் கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே திரும்ப வைத்தார்.

“அங்க டவர் இருக்கும்மா,” என்றார். “அவ கூப்பிடலன்னா தெரிஞ்சு போயிடுமே.”